பிளாட்டினம் வேண்டாம், நிக்கலே போதும் என்று எழுதலாமா?

கேள்வி, 11 அக்டோபர் 2025

"எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்ட். நிக்கல் நுரைமேல் நிக்கல் ஹைட்ராக்சைடு வளர்த்து, 1 மோலார் கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஆக்சிஜன் வரும் பக்கத்தைச் சோதித்தோம். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் எடுக்க முதல் நாள் 370 மில்லிவோல்ட் மிகைமின்னழுத்தம் (கொள்கையளவில் போதுமானதற்கு மேல் கூடுதலாகத் தர வேண்டிய மின்னழுத்தம்) தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் 290 போதுமாக இருந்தது. ஓட ஓட நன்றாகிக்கொண்டே போகிறது. வேறு எதுவும் சேர்க்கவில்லை. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க பிளாட்டினம், இரிடியம் இனி தேவையில்லை, மலிவான நிக்கலே போதும் என்று முடிவுரையில் எழுதலாமா?"

11 அக்டோபர், இரவு 9.50

இப்போதைக்கு எழுத வேண்டாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். கே.ஓ.எச். என்ன தரம், பாட்டில் லேபிளில் இரும்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறதா? செல் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? எதிர் எலெக்ட்ரோடு பிளாட்டினமா, கார்பனா?

"வேறு எதுவும் சேர்க்கவில்லை" என்ற வரிதான் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் சேர்த்திருக்க மாட்டீர்கள். பாட்டில் சேர்த்திருக்கும்.

11 அக்டோபர், இரவு 11.35

மேலே சுருக்கமாக எழுதிவிட்டேன். படுத்தும் தூக்கம் வரவில்லை. இதே இடத்தில் நான் ஒரு வருடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு கிடந்தேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2013-ல் நான் ஆராய்ச்சி மாணவன். இதே நிக்கல் ஹைட்ராக்சைடுதான். வெளிறிய பச்சைப் படலம். மின்னழுத்தம் ஏறும்போது கறுக்கும், இறக்கினால் மறுபடி வெளிறும். வரைபடத்தில் ஆக்சிஜன் கிளம்புவதற்குச் சற்று முன்னால் ஒரு மேடு வரும், நிக்கல் +2-லிருந்து +3-க்குப் போகும் மேடு. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மேடு ஒரு முடி அளவு வலப்பக்கம் நகர்ந்தது. உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆக்சிஜன் மின்னோட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது. நான் நோட்டில் "ஆக்டிவேஷன்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மூன்று மாதம் அப்படியே ஓடியது. அப்புறம் கே.ஓ.எச். பாட்டில் தீர்ந்துபோனது. நல்ல வேலைக்கு நல்ல ரசாயனம் வேண்டும் என்று நான்கு மடங்கு விலையில் உயர்தூய்மை பாட்டில் வாங்கினோம். முதல் நாளே வினையூக்கி படுத்துவிட்டது. மேடு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எலெக்ட்ரோடு செய்ததில்தான் பிழை என்று நினைத்து ஊறவைக்கும் நேரத்தை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், நிக்கல் நுரையை அமிலத்தில் கழுவிப் பார்த்தேன், கழுவாமலும் பார்த்தேன். பிழையை எலெக்ட்ரோடில் தேடிக்கொண்டே இருந்தேன். அது கரைசலில் இருந்தது.

2014-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஷானன் போட்சர் குழு வெளியிட்ட கட்டுரையை என் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். மேடு நகர்வது முதல் எல்லாம் அதில் இருந்தது. கடையில் வாங்கும் கே.ஓ.எச்.சில் துளி இரும்பு இருக்கிறது, நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக்கொள்கிறது, ஆக்சிஜன் வேகமாக வருவது அந்த இரும்பால். இரும்பை நீக்கிய கரைசலில் நிக்கல் மிகச் சுமாரான வினையூக்கிதான். டென்னிஸ் கோரிகன் இதை 1987-லேயே அளந்து எழுதிவிட்டார். இடையில் 27 வருடம். அந்த இடைவெளியில் "நிக்கல் வினையூக்கி" என்று வந்த கட்டுரைகளில் எத்தனை இரும்பு வினையூக்கிகளோ!

12 அக்டோபர், காலை 7.10

ஒரு திருத்தம். எதிர் எலெக்ட்ரோடு பற்றி நான் கேட்டது உங்கள் சோதனைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நீங்கள் ஆக்சிஜன் பக்கம் பார்க்கிறீர்கள், எதிரில் இருப்பது ஹைட்ரஜன் பக்கம், அங்கே பிளாட்டினம் கரைவது பெரிய பிரச்சினை இல்லை. ஹைட்ரஜன் வினையூக்கியைச் சோதிக்கும்போதுதான் எதிரில் பிளாட்டினம் கூடாது. நேர்மின்வாயாக இருக்கும் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, கரைசல் வழியாக வந்து, நீங்கள் சோதிக்கும் மலிவான வினையூக்கியின்மேல் போய் உட்கார்ந்துவிடும். அப்போதும் ஓட ஓட நன்றாகிக்கொண்டே போகும். பிளாட்டினம் இல்லாத வினையூக்கி என்று தலைப்புப் போட்டு பிளாட்டினத்தை அளந்துகொண்டிருப்போம். கிராஃபைட் கம்பி போதும்.

12 அக்டோபர், மாலை 6.20

கே.ஓ.எச்.சை எப்படிச் சுத்தம் செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வழி எளிது. இரும்பை உறிஞ்சுவது நிக்கல் ஹைட்ராக்சைடு என்றால் அதையே வடிகட்டியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

50 மில்லி பிளாஸ்டிக் சென்ட்ரிஃபியூஜ் குழாயை முதலில் கந்தக அமிலத்தில் கழுவிக்கொள்ளுங்கள். நிக்கல் நைட்ரேட் சுமார் 2 கிராம், 4 மில்லி தூய நீரில். அதில் 20 மில்லி கே.ஓ.எச். கரைசல் ஊற்றினால் பச்சையாகத் திரியும். குலுக்கி, சுற்றவிட்டு, மேல்நீரைக் கொட்டுங்கள். இதேபோல் மூன்று முறை கழுவுங்கள். பிறகு நீங்கள் சோதனைக்கு எடுக்கப்போகும் கே.ஓ.எச்.சை அதன்மேல் ஊற்றி, பத்து நிமிடம் நன்றாகக் கலக்கி, குறைந்தது மூன்று மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி சுற்றவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். நிக்கல் நைட்ரேட் உயர்தூய்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கையால் எடுத்த இரும்பை இன்னொரு கையால் போட்டுவிடுவோம்.

அப்புறம் கண்ணாடி பீக்கரைத் தொடாதீர்கள். காரம் கண்ணாடியை அரிக்கும், அதிலிருப்பதெல்லாம் கரைசலுக்கு வந்துவிடும். பாலிபுரொப்பிலீன் டப்பா போதும்.

12 அக்டோபர், இரவு 10.05

"இரும்புதான் வேலை செய்கிறது என்றால் இரும்பையே போடலாமே, நிக்கல் எதற்கு?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

தனி இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கொஞ்சம் கனமாகப் பூசினாலே உள்ளே இருப்பது சும்மா கிடக்கும். நிக்கலின் அடுக்குகளுக்குள் இரும்பு அணு போய் உட்காரும்போதுதான் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. கடத்துதிறன் கூடுவதால்தான் இந்த வித்தியாசம் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். போட்சர் குழு அதையும் அளந்திருக்கிறது. கடத்துதிறன் 30 மடங்குக்கு மேல் கூடுகிறது, ஆனால் வினையின் வேகம் கூடுவதை விளக்க அது மட்டும் போதாது. 2015-ல் ஃப்ரீபெல், பெல் குழுவினர் எக்ஸ்ரே அளவீடுகளை வைத்து, வினை நடக்கும் இடமே இரும்பு அணுதான் என்று வாதிட்டார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

பாட்டரிக்காரர்களுக்கு இந்த இரும்பு பழைய பகை. எடிசனின் நிக்கல்-இரும்பு பாட்டரியிலிருந்தே, நிக்கல் தகட்டில் இரும்பு கலந்தால் சார்ஜ் ஏறாமல் ஆக்சிஜனாகப் போய்விடும் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆக்சிஜன் வருவது நஷ்டம், நமக்கு வர வேண்டியதே அது. ஒரே இரும்பு அங்கே விஷம், இங்கே மருந்து.

13 அக்டோபர், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். "நிக்கல் இவ்வளவு மலிவு, அப்படியிருக்க இரிடியத்தை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?"

அமிலம்தான் காரணம். மின்பகுப்பான் என்பது மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரிக்கும் கருவி. அதில் பி.இ.எம். என்ற வகையில் நடுவில் இருக்கும் சவ்வு அமிலத்தன்மை கொண்டது. அந்த அமிலத்தில், அந்த மின்னழுத்தத்தில் நிக்கல் கரைந்துவிடும். ஆக்சிஜன் பக்கம் தாக்குப்பிடிப்பது இரிடியம். இரிடியம் தனியாகத் தோண்டி எடுக்கும் உலோகம் இல்லை, பிளாட்டினத்தோடு துணையாக வருவது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. உலகம் முழுக்கச் சேர்த்தே ஆண்டுக்கு ஏறக்குறைய 7, 8 டன்தான்.

தாளில் ஒரு கணக்குப் போட்டேன். இந்தியாவின் 2030 இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன். கிலோவுக்கு 52 யூனிட் என்று வைத்தால் 26,000 கோடி யூனிட். மின்பகுப்பான்கள் வருடம் முழுக்க ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் 30 கிகாவாட் வேண்டும். கிகாவாட்டுக்கு 400 கிலோ இரிடியம் என்று கொண்டால் 12 டன். சூரியன், காற்றை நம்பி ஓடினால் பாதி நேரம்கூட ஓடாது, அப்போது இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு இலக்குக்கு உலகத்தின் மூன்று, நான்கு வருட இரிடியம் போய்விடும். ஆக நிக்கலை விட்டால் நமக்குக் கதி இல்லை. இந்த இடத்தில் கேள்வி கேட்டவரின் ஆசைதான் என் ஆசையும்.

ஆனால் நிக்கல் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நார்வேயின் வெமோர்க்கில் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே அருவி மின்சாரத்தில் தண்ணீரைப் பகுத்து உரம் செய்தார்கள். நம் நாட்டில் பக்ரா-நங்கல் மின்சாரத்தை வைத்து நங்கல் உர ஆலை அதையே செய்தது. 1962-ல் இந்தியாவின் முதல் கனநீர் ஆலை அங்கே வந்ததும் அந்த ஹைட்ரஜனை நம்பித்தான். காரக் கரைசல், இரும்பு, நிக்கல் இவற்றை வைத்துத்தான் அந்தத் தொழில்நுட்பமே. பிளாட்டினம் இல்லாமல் ஹைட்ரஜன் எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நங்கலில் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. அணைக்கட்டு மின்சாரம் கொட்டிக் கிடந்த காலம் அது, எத்தனை யூனிட் வீணாகிறது என்று யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. இப்போது கேள்வியே அந்த யூனிட்தான்.

13 அக்டோபர், இரவு 9.40

யூனிட் என்று எழுதினேன், அதை மில்லிவோல்ட்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் நீங்கள் செய்யும் வேலையின் மதிப்பு தெரியும். 100 மில்லிவோல்ட் மிச்சமானால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 1.3 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்றால் ஆறரை ரூபாய்.

14 அக்டோபர், காலை 6.45

மேலே உள்ளது தவறு. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான், நான் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுவிட்டேன். சுட்டிக்காட்டிய கோவை நண்பருக்கு நன்றி. சரியான கணக்கு: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 26,600 ஆம்பியர்-மணி. ஆக ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 26.6 யூனிட். 100 மில்லிவோல்ட்டுக்கு 2.66 யூனிட், 13 ரூபாய்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்தில் செப்டம்பரில் தொடங்கிய சோதனைத் திட்டத்தைப் பாருங்கள். மணிக்கு 10 கன மீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும், எடையில் அது 900 கிராம்தான். அதற்கே கிட்டத்தட்ட 50 கிலோவாட் இழுக்கும். ஹைட்ரஜன் விலையில் பெரும்பங்கு மின்சாரம். மலிவான உலோகம் போட்டு 200 மில்லிவோல்ட் கூடுதலாகச் செலவழித்தால், உலோகத்தில் மிச்சம் பிடித்த காசு கரண்ட் பில்லில் போய்விடும்.

14 அக்டோபர், இரவு 11.20

இதை எழுதத் தயங்கினேன், ஏனென்றால் நேற்று நிக்கலுக்காக நான் பேசியதற்கு எதிராகப் போகும்.

நான் இப்போது வேலை பார்ப்பது ஒரு காஸ்டிக் சோடா ஆலையில். உப்புக் கரைசலைப் பகுக்கிறோம், குளோரின் ஒரு பக்கம், காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் இன்னொரு பக்கம். எங்கள் செல்களில் ஹைட்ரஜன் வரும் எலெக்ட்ரோடு நிக்கல் வலைதான். அந்தக் காரத்தில் வெறும் நிக்கல் பல வருடம் தாங்கும். இருந்தும் அதன்மேல் ருத்தேனியம் பூச்சு போட்டு வாங்குகிறோம். ருத்தேனியமும் விலை உயர்ந்த உலோகம்தான். பூச்சு இருந்தால் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் மிச்சம், அது பூச்சு விலையைச் சில வருடத்தில் எடுத்துவிடுகிறது. காசுக் கணக்குப் பார்க்கும் தொழில் இப்படித்தான் முடிவெடுத்திருக்கிறது. "விலை உயர்ந்த உலோகமா, மலிவான உலோகமா" என்று யாரும் எங்களிடம் கேட்பதில்லை. எத்தனை வோல்ட், எத்தனை வருடம் என்றுதான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. ஆலையில் கரண்ட் ட்ரிப் ஆனால் முதலில் கண் போகும் இடம் ஒரு சின்ன ரெக்டிஃபையர் (ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் கருவி). பெரிய ரெக்டிஃபையர் நின்றதும் அது தானாக எடுத்துக்கொண்டு செல்கள் வழியாகச் சொற்ப மின்னோட்டத்தை விட்டுக்கொண்டே இருக்கும். போலரைசேஷன் ரெக்டிஃபையர் என்போம். அது இல்லாவிட்டால் நின்ற செல் பாட்டரி மாதிரி பின்னோக்கி ஓடத் தொடங்கும். அந்தப் பின்னோட்டத்தில் எலெக்ட்ரோடு பூச்சு அரித்துக்கொண்டு போய்விடும். ஒரு இரவு அந்தச் சின்ன ரெக்டிஃபையரும் எடுக்கவில்லை. அடுத்த ஷட்டவுனில் செல்லைத் திறந்தபோது வலையில் பூச்சு இருந்த கறுப்பு போய், அங்கங்கே வெள்ளிபோல் பளபளவென்று நிக்கல் தெரிந்தது. கையால் தடவிப் பார்த்தேன். விரலில் கறுப்புத் தூள்.

தண்ணீரைப் பகுக்கும் கார மின்பகுப்பானிலும் இதே கதைதான். அடுக்கிய செல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கரைசல் போய்வருகிறது. கரண்ட் நின்றதும் அந்தக் கரைசல் வழியாகவே பின்னோட்டம். சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் தினமும் சாயங்காலம் இது நடக்கும், மேகம் வந்தாலும் நடக்கும். நூறு மணி நேரம் ஒரே சீராக ஓட்டி "நிலைத்தன்மை உண்டு" என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கறுப்புத் தூள்தான் ஞாபகம் வருகிறது. ஒருமுறையாவது நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார்களா?

15 அக்டோபர், மாலை 5.30

"அப்படியானால் நிக்கல் ஆராய்ச்சியே வீண் என்கிறீர்களா?" இல்லை. நேற்று எழுதியதை அப்படிப் படிக்க வேண்டாம். எங்கள் ஆலை ருத்தேனியம் வாங்கினால் உலகத்தில் ருத்தேனியம் தீர்ந்துவிடாது. கிகாவாட் கணக்கில் மின்பகுப்பான் கட்டும்போது தட்டுப்பாடு வரலாம். அதனால் மலிவான உலோகம் வேண்டும்தான். அந்த மலிவான உலோகத்தின் போட்டி பிளாட்டினத்தோடு என்று நினைப்பதுதான் தவறு. ரேனி நிக்கல் என்ற ஒன்றை 1920-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நிக்கலோடு அலுமினியத்தை உருக்கி, காரத்தில் போட்டு அலுமினியத்தை மட்டும் கரைத்து எடுத்தால் மீதி நிற்பது கடற்பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையான நிக்கல். ஹைட்ரஜன் பக்கத்துக்கு அதுதான் இன்றும் அளவுகோல். புதிதாக எதைச் செய்தாலும் முதலில் அதை ஜெயிக்க வேண்டும்.

ஜெயிக்க வாய்ப்புள்ளவை உண்டு. மாலிப்டினம் டைசல்ஃபைடு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகம் நீக்கப் பல காலமாகப் பயன்படும் சரக்கு. அதன் தட்டைப் பரப்பில் ஒன்றும் நடப்பதில்லை, ஓரத்தில்தான் ஹைட்ரஜன் வருகிறது என்று 2007-ல் ஹரமிலோவும் சகாக்களும் காட்டினார்கள். துகளின் பரப்பு கூடினால் மின்னோட்டம் கூடவில்லை, ஓரத்தின் நீளம் கூடினால்தான் கூடியது. அவ்வளவு சுத்தமான சோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை. 2013-ல் நிக்கல் பாஸ்ஃபைடு வந்தது. எனக்கு இதில் ஒரு ஆசை உண்டு, ஆனால் காரத்தில், கொதிக்கும் சூட்டில், பாஸ்பரஸ் எத்தனை நாள் உள்ளே தங்கும் என்பதில் சந்தேகமும் உண்டு.

கோபால்ட்டை மலிவு என்று எண்ணி இதில் சேர்க்காதீர்கள். பிளாட்டினம் குடும்பம் இல்லை என்பதால் மட்டும் மலிவாகிவிடாது, உலகின் பெரும்பகுதி கோபால்ட் காங்கோவிலிருந்து வருகிறது. நிக்கலையும் கண்மூடி நம்ப முடியாது. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

19 அக்டோபர், இரவு 8.15

கேள்வி கேட்டவர் சுத்தம் செய்த கரைசலில் ஐந்து நாள் ஓட்டிவிட்டு முடிவைப் போட்டிருக்கிறார். 380-இல் தொடங்கி 385-இல் நின்றுவிட்டதாம். மேடு நகரவில்லை. பிறகு அதே எலெக்ட்ரோடை வைத்துக்கொண்டு கரைசலில் ஒரு துளி இரும்பு நைட்ரேட் விட்டதும் ஒரு மணி நேரத்தில் 285. "ஐந்து நாள் கிடைத்த சந்தோஷம் ஒரு துளியில் போச்சு அண்ணே" என்று எழுதியிருக்கிறார்.

போகவில்லை. உங்கள் கையில் இப்போது முதலில் இருந்ததைவிட நல்ல ப்ராஜெக்ட் இருக்கிறது. எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனதை நீங்கள் எட்டு நாளில் பிடித்துவிட்டீர்கள். இரண்டு வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள், சுத்தம் செய்தது, செய்யாதது. மேடு நகர்வதை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். தலைப்பிலேயே இரும்பு என்று எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நிக்கல் நுரையிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கும், அதனால் 380-ஐ இரும்பே இல்லாத நிக்கலின் எண் என்று எழுத வேண்டாம். கிராஃபைட் தாளில் பூசி ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம் நிக்கல் நுரையில் 10 மில்லிஆம்பியர் அளவு அந்த மேட்டின்மேலேயே விழும். நிக்கல் மாறும் மின்னோட்டத்தை ஆக்சிஜன் மின்னோட்டம் என்று எண்ணிவிடுவோம். மின்னழுத்தம் இறங்கித் திரும்பி வரும் சுற்றிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் மின்னோட்டத்தை நிலையாக வைத்து அளங்கள்.

20 அக்டோபர், காலை 6.30

இன்னொன்று ஞாபகம் வந்தது. 2020-ல் ஆர்கான் ஆய்வகத்தில் மார்க்கோவிச் குழு காட்டியது: இரும்பு உள்ளே போய் அங்கேயே தங்குவதில்லை. ஓடும்போது கரைசலுக்கு வருகிறது, மறுபடி போய் ஒட்டுகிறது, போக்குவரத்து நிற்பதே இல்லை. கரைசலில் இரும்பு இல்லாவிட்டால் எலெக்ட்ரோடிலிருந்து கரைந்த இரும்பு திரும்ப வராது, வேகமும் இறங்கிவிடும். அதனால் நீங்கள் இரும்பு சேர்த்த எலெக்ட்ரோடை எடுத்து, சுத்தமான கரைசலில் மறுபடி போட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரத்தில் 285 மேலே ஏறத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

20 அக்டோபர், இரவு 10.50

"100 மணி நேரம் ஓட்டச் சொல்கிறார் வழிகாட்டி, ஒரே சீராக ஓட்டவா?"

நேரம் அதேதான் என்றால் இப்படிப் பிரியுங்கள். பகல் பத்து மணி நேரம், 10 மில்லிஆம்பியரில் வேண்டாம், உங்கள் கருவி தருகிற அளவுக்கு, முடிந்தால் 200-க்கு மேல். ஆலைகள் ஓடுவது 200, 400-இல். அந்த மின்னோட்டத்தில் கரைசல் தடை அரை ஓம் இருந்தாலும் 100, 200 மில்லிவோல்ட் அதற்கே போகும். அதைக் கழித்த எண், கழிக்காத எண் இரண்டையும் போடுங்கள். சாயங்காலம் சுவிட்சை அணையுங்கள். எலெக்ட்ரோடைக் கரைசலிலேயே விட்டுவிட்டு, மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது என்று இரவு முழுக்கப் பதிவு செய்யுங்கள். கறுப்பு எந்த நேரத்தில் வெளிறுகிறது என்று பாருங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள். காலையில் மறுபடி ஓட்டுங்கள். பத்து நாள்.

பத்தாவது நாள் கரைசலை வடிதாளில் ஊற்றி, தாளில் என்ன தங்குகிறது என்று இங்கே எழுதுங்கள்.